முப்பத்தொன்றாவது கடலை

உங்கள் திரையின் வலது மூலையில் ‘கடலை’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால், கட்டுரையின் கடைசியில் உள்ள ரெஃபரன்ஸ் பட்டியலில் எந்த எண் கட்டுரைக்குள் எங்கேயும் வரவில்லை என்று சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் நான் போன மாதம் இங்கே வந்தபோது என்னிடம் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீங்கள் நினைக்கிற கடலை இல்லை. இது செஞ்சிக் கடலை. மண்ணுக்குள் விளைவது, வறுத்துத் தின்பது. பட்டனுக்கு அந்தப் பெயர் வரக் காரணமானவள் நான்தான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

பணி ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டு, காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே, ஆறு பேருக்கு மேல் எழுதியிருந்தால் மிச்சப் பேரை எப்படி விடுவது என்றெல்லாம் உங்களிடம் பேசச் சொன்னார்கள். அதற்கு விதிப் புத்தகம் இருக்கிறது. என் மூளையைவிட அது நன்றாகவே ஞாபகம் வைத்திருக்கும். புத்தகத்தில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அப்போது எங்கள் கிளை செஞ்சி கடைத்தெருவில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தது. தலைமை அலுவலகம் புதுச்சேரியில். மாடியில் நாங்கள் ஆறு பேர். வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்கு வரும் கட்டுரைகளில் ரெஃபரன்ஸ் மட்டும் எங்கள் பங்கு. ஒரு டாக்டர் கட்டுரையில் ஒன்றைச் சொன்னால், அதை முதலில் யார் கண்டு சொன்னது, எந்த இதழில், எந்தப் பக்கத்தில் என்று காட்ட வேண்டும் அல்லவா? வரியின் முடிவில், தலைக்கு மேலே பொடியாக ஓர் எண். அந்த எண்ணுக்குரிய விவரம் கடைசிப் பட்டியலில். இரண்டையும் ஒழுங்காகக் கட்டி வைப்பது எங்கள் வேலை. ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும், உரவாடை வரும். இரண்டுக்கும் பழகிவிட்டோம். இன்றைக்கும் எங்கேயாவது யூரியா மூட்டை வாடை அடித்தால் எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வருகிறது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிடுவேன்.

எனக்கு ஊர் சிங்கவரம், செஞ்சிக்குப் பக்கம். என் நைனா அடுத்தவர் கொல்லையில் கூலிக்குக் கடலை பிடுங்கப் போனவர். எங்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்த நாற்காலி மேல் எனக்கு இருந்த ஆசை உங்களுக்குப் புரியாது. உங்களுக்கு அது சக்கரம் வைத்து, சாய்ந்து கொடுத்து, முதுகு வலிக்காமல் வந்திருக்கிறது.

எங்களைப் பார்த்துக்கொள்ளப் புதுச்சேரியிலிருந்து ஓர் இன்சார்ஜ் வந்திருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவர் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: “படிக்காதம்மா. பாரு.” படித்தால் விஷயத்துக்குள் போய்விடுவோம், புள்ளி தப்பிவிடும் என்பது அவர் கட்சி. அது உண்மைதான். சேர்ந்த முதல் வாரத்தில் தீக்காயம் பட்ட குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே வேலை பார்த்தேன். பட்டியல் முழுவதும் ஒரு முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை. அவர் திட்டவில்லை. பட்டியலைத் திருப்பிக் கொடுத்து, கைக்குட்டையும் கொடுத்தார். அதிலிருந்து நான் படிப்பதை விட்டுவிட்டேன். எழுத்தைப் பார்ப்பேன், சொல்லைப் பார்க்க மாட்டேன்.

என் ஜோடி குமுதா. என்னைவிட ஏழு வயது சின்னவள், கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகள். அவள் கணினியில் வந்த கட்டுரையைத் தாளில் அச்செடுத்து உரக்க வாசிப்பாள், நான் எண்களைச் சரிபார்ப்பேன். பென்சிலால் டிக் அடிக்க வேண்டும் என்பது விதி. ஐம்பது, அறுபது எண் வந்தால் டிக் எங்கே விழுந்தது என்றே தெரியாது. குமுதாதான் வழி கண்டுபிடித்தாள். பெரிய தாளில் கட்டம் போட்டு எண் எழுதி, கட்டத்துக்கு ஒரு வறுத்த கடலைப் பருப்பு வைத்தாள். அவள் வாசிக்கும்போது ஓர் எண் முதல்முறை வந்தால் நான் அந்த எண்ணை வாய்விட்டுச் சொல்லிவிட்டு அந்தக் கடலையைத் தின்ன வேண்டும். முடிவில் தாள் காலியானால் எல்லாம் சரி. ஒரு கடலை மீந்தால் எங்கேயோ கோளாறு. சும்மா கொறிப்பதற்குத் தனியாக ஒரு பொட்டலம் உண்டு, தாளில் கை வைக்கக் கூடாது. இன்சார்ஜ் பார்த்துவிட்டுச் சிரித்தார். தப்புகள் குறைவதையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

நைனா மாதிரி ஆட்கள் பிடுங்கிய கடலை குமுதா வீட்டுக் கடையில் வறுபட்டு எங்கள் நடுவே வந்து உட்கார்ந்தது. என் அம்மா அந்தக் கடைக்குள் ஏறியதில்லை. வாசலில் நின்றுதான் சாமான் வாங்குவாள். அவளுடைய மகளும் கடைக்காரர் மகளும் ஒரே பொட்டலத்தில் கை வைத்துத் தின்றோம். இதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. எனக்கு உள்ளுக்குள் அத்தனை சந்தோஷமாக இருந்தது.

சம்பவம் நடந்தபோது நான் ஆறு மாதம் முழுகாமல் இருந்தேன். எப்போது பார்த்தாலும் பசி. கிளைக்கும் நேரம் சரியில்லை. ஏற்கெனவே எங்கள் பேரில் இரண்டு புகார் போயிருந்தது. மூன்றாவது வந்தால் மருத்துவ இதழ்களைப் புதுச்சேரிக்கே எடுத்துக்கொள்வோம் என்று கடிதம் வந்திருந்தது. எடுத்துக்கொண்டால் மாடியைப் பூட்ட வேண்டியதுதான். தினமும் புதுச்சேரிக்குப் பஸ் ஏற என்னால் முடியாது. வீட்டுக்காரர் பெயின்ட் வேலை, மழைக்காலத்தில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரியும். குமுதாவுக்கு வேலை போனால் அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம். அவள் இன்னும் இரண்டு வருஷமாவது சம்பாதிக்க வேண்டும் என்று வீட்டில் சண்டை போட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கு ஓர் அவசரக் கட்டுரை. ஒரு மாத்திரையை எந்தெந்த நோய்க்கு எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றியது. நாற்பத்தாறு ரெஃபரன்ஸ். எழுதிய டாக்டர் பயணத்தில் இருந்தார். ப்ரூஃப் பார்க்க நேரமில்லை, நேராக அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதியிருந்தார். அதாவது மாலை ஐந்து மணிக்கு நாங்கள் அனுப்பினால் காலையில் பக்கம் கட்டி அச்சுக்குப் போய்விடும். எங்களுக்கு அப்புறம் அதை ஆழ்ந்து பார்க்க ஆள் கிடையாது.

மூன்றரை மணி இருக்கும். கரண்ட் இல்லை, மின்விசிறி நின்றுவிட்டது. முப்பது வரை வாசித்திருந்தாள் குமுதா. கீழே உரக்கடை போனுக்கு அவளைக் கூப்பிடுகிறார்கள் என்று சத்தம் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் விஷயம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். வர நேரமானது. கொறிக்கிற பொட்டலம் காலி. என் கை தானாகத் தாளுக்குப் போனது. அடுத்த கடலையை எடுத்து வாயில் போட்டேன். சொத்தைக் கடலை. அப்படி ஒரு கசப்பு. ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

குமுதா திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து வாசித்தாள். இரண்டு பத்தி தாண்டி முப்பத்திரண்டு வந்தது. நிமிர்ந்து பார்த்து, “முப்பத்தொண்ணு ஆச்சாக்கா?” என்று கேட்டாள்.

நான் தாளைப் பார்த்தேன். முப்பத்தொன்றாம் கட்டம் காலி.

“ஆச்சு” என்றேன்.

அவ்வளவுதான் நடந்தது. தாள் காலியானதும் கையெழுத்துப் போட்டோம். கரண்டும் வந்தது, ஐந்து மணிக்கு ஃபைல் போய்விட்டது. நான் சிங்கவரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன்.

ஊர் எல்லை தாண்டும்போது ஓர் ஏப்பம் வந்தது. மறுபடியும் அதே கசப்பு. எந்த மூட்டையில் இப்படிச் சொத்தை வந்தது, குமுதா அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தக் கடலையைத் துப்பியபோது ஜன்னல் பக்கம் நின்றது ஞாபகம் வந்தது. துப்பியபோது அறை அமைதியாக இருந்ததும் ஞாபகம் வந்தது. யாரும் வாசித்துக்கொண்டிருக்கவில்லை. வாசிக்காத நேரத்தில் நான் எந்தக் கடலையைத் தின்றேன்?

சிங்கவரத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸிலேயே செஞ்சிக்குத் திரும்பினேன். பக்கத்து வீட்டுக்காரி பஸ் ஸ்டாப்பில் நின்று, வலி கண்டுவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிக்கொண்டே ஏறிவிட்டேன்.

குமுதா கடையில்தான் இருந்தாள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

“பட்டியல்ல ஒண்ணு சும்மா இருந்துட்டுப் போவுது. அதால யாருக்கு இன்னாக்கா?” என்றாள்.

நானும் பஸ்ஸில் அப்படித்தான் என்னைச் சமாதானம் செய்து பார்த்தேன். பட்டியலில் ஒன்று அதிகமாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் முப்பத்தொன்று ஏன் வரவில்லை? எழுதியவர் பட்டியலில் சேர்த்துவிட்டு மேலே மறந்தாரா? அல்லது அந்த எண் இருந்த வரியே காணாமல் போயிருக்கிறதா? “பாக்காம சொல்ல முடியாது, வா” என்றேன். அவள் அப்பாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

சாவி இன்சார்ஜிடம். அவர் மெஸ்ஸில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வயிற்றையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, பாதித் தோசையை அப்படியே விட்டுக் கை கழுவினார்.

மாடியில் கரண்ட் இருந்தது. டாக்டர் தபாலில் அனுப்பிய அசல் கட்டுரையை எடுத்தோம். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் நான்கு வரியில் ஒரு பத்தி. கடைசியில் சின்னதாக முப்பத்தொன்று. கணினிக்கு வந்த ஃபைலில் அந்தப் பத்தியே இல்லை. அதற்கு முந்தின பத்தியும் பத்தாம் பக்கமும் ஒன்றுமே நடக்காதது மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த நான்கு வரியை நான் படித்தேன். முதல் வாரத்துக்கு அப்புறம் நான் படித்த முதல் பத்தி அதுதான். இந்த மாத்திரையைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது, வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஆபத்து என்று இருந்தது.

அதைவிட எனக்கு வெட்கமாகப் போன இன்னொரு விஷயம் உண்டு. முப்பத்தொன்றாவது ரெஃபரன்ஸின் தலைப்பிலேயே கர்ப்பம் என்ற சொல் இருந்தது. காலையில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை நான்தான் சரிசெய்திருந்தேன். ஆறு மாத வயிற்றை மேசையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, அந்தச் சொல்லைப் பார்த்திருக்கிறேன். படிக்கவில்லை.

குமுதா அழ ஆரம்பித்துவிட்டாள். இன்சார்ஜ் புதுச்சேரிக்கு போன் போட்டு, பக்கத்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டார்கள். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டேன்.

நிறுத்தினால் படிவம் நிரப்ப வேண்டும். அதில் இரண்டு கேள்வி. தப்பு எங்கே உண்டானது? சரிபார்ப்பில் ஏன் பிடிபடவில்லை? முதல் கேள்விக்கு விடை எளிது. பத்தி விழுந்தது தலைமை அலுவலகத்தில், ஃபைலை மாற்றும்போது. அது எங்கள் தப்பே இல்லை. இன்சார்ஜ் அதை எழுதினார். இரண்டாவது கேள்வியில் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“இத்த காலியா விட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்கம்மா” என்றார்.

உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன், விட்டுவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாற்காலி கண்ணில் நின்றது. காலியாக விட்டால் பழி முழுக்கப் புதுச்சேரிக்கு. எங்கள் மூன்றாவது புகார் புகாரே இல்லை. மாடி பிழைக்கும், குமுதா பிழைப்பாள், என் அடுப்பு எரியும். ஆனால் கட்டத்தில் கடலை இல்லை என்பதை மட்டும் பார்த்து ஆச்சு என்று சொன்ன ஒருத்தி, நாளைக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே மாதிரி சொல்வாள். அவள் எப்படிப்பட்டவள் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“முப்பத்தொண்ணு ஆச்சுன்னு சொன்னது நான்தான் சார். பசிக்குதுன்னு அந்தக் கடலையத் தின்னுட்டேன். அப்டியே எழுதுங்க” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து, நான் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் ஆங்கிலத்தில் எழுதினார். கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

படிவத்தைப் பார்த்துத் தலைமை அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தார்களாம். அப்புறம் யாருக்கோ உறைத்து, அதே மென்பொருளில் மாற்றிய மற்ற ஃபைல்களைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். இன்னும் சில கட்டுரைகளிலும் பத்தி விழுந்திருந்தது. சொல்லியிருக்காவிட்டால் தெரிந்திருக்காது என்று எங்கள் கிளையை விட்டுவைத்தார்கள். ஆனால் விதியில் பென்சில் என்றிருக்க, தின்கிற பண்டத்தை வைத்துச் சரிபார்க்க அனுமதித்தது யார் என்று கேட்டார்கள். அனுமதித்தவர் கையெழுத்து கீழேயே இருந்தது. இன்சார்ஜ் பதவியை எடுத்துக்கொண்டு அவரைப் புதுச்சேரிக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள், பழையபடி சாதாரண ஆளாக.

அவர் கிளம்பும் அன்று பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். என்னால்தான் என்று அழுதேன். அவர் பெட்டியைக் கீழே வைத்தார்.

“நீ தின்னது தப்பு இல்லம்மா, வயித்துப்புள்ளக்காரி. பாக்காம ஆச்சுன்னு சொன்ன பாரு, அதான் தப்பு. படிக்காதன்னு சொல்லிக் குடுத்தேன் பாரு, அது என் தப்பு” என்றார்.

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். புதுச்சேரியில் உட்கார்ந்து அவர் ஒரு படிவம் தயார்செய்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் வாசித்தவர் கையெழுத்து தனி, கேட்டவர் கையெழுத்து தனி. இரண்டும் இருந்தால்தான் அந்த எண் முடிந்ததாகக் கணக்கு. எல்லாக் கிளையிலும் அதற்குக் கடலை ஷீட் என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். ஷீட் போய்க் கணினிக்குள் பட்டன் ஆனபோதும் பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உங்கள் பின்னால் நின்று பார்த்தேன். சிவப்புக் கோடு வந்ததும் ஒரு பெண் அந்த ரெஃபரன்ஸை அப்படியே அழித்தாள். கோடு மறைந்தது. திரை பச்சையானது. அவளும் ஆச்சு என்றாள். கண்ணே, நானாவது தின்றுவிட்டுச் சொன்னேன். நீ தின்னாமலே சொல்கிறாய். பட்டியலில் ஒன்று மிச்சம் நிற்கிறது என்றால் அது குப்பை இல்லை. மேலே இருந்து விழுந்த எதையோ அது இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அசலை எடுத்துப் பார். அந்த இடத்தில் மட்டுமாவது நின்று படி. ஐந்து நிமிடம் தாமதமானால் திட்டுவார்கள், வாங்கிக்கொள். திட்டு வாங்கியே நான் ஓய்வு வரை வந்துவிட்டேன்.

அந்த இதழ் வெளிநாட்டில் அச்சாகி எங்கள் கைக்கு வந்தபோது எனக்குப் பெண் குழந்தை பிறந்து இருபது நாள். குமுதா எடுத்துக்கொண்டு வந்தாள். நான்கு வரியும் இருந்தன, கடைசியில் பொடியாக முப்பத்தொன்றும் இருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் குழந்தை இப்போது முதல் பிள்ளை உண்டாகியிருக்கிறாள். போன மாதம் காய்ச்சல் என்று செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சின்ன வயது டாக்டரம்மா. சீட்டில் ஒரு மாத்திரையை எழுதினார். எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னோம். பேனாவை வைத்துவிட்டு, செல்லில் எதையோ தேடி எடுத்துப் படித்தார். பார்க்கவில்லை, படித்தார். கண் வரி வரியாகப் போனதை நான் கவனித்தேன். அப்புறம் எழுதியதை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார்.

எந்த மாத்திரை, எந்தக் கட்டுரை என்று நான் கேட்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டு, “இன்னாம்மா ஆச்சு?” என்று கேட்டாள்.

“முப்பத்தொண்ணு” என்றேன். “ஆச்சு.”